தட்டில் எது படலாம்: பாத்திர லிக்விடா, துணி பவுடரா, கிருமிநாசினி ஸ்ப்ரேயா, ப்ளீச்சா?

வீட்டில் இருக்கும் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, தினசரிக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். ப்ளீச்சுக்கு எப்போதாவது ஒரு வேலை உண்டு. மற்ற இரண்டும் பாத்திரத்தின் பக்கமே வருவதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கைத் துணி பவுடரும் நன்றாகவே எடுக்கும். ஆனால் அலசிய பிறகு தட்டில் என்ன தங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பாத்திர லிக்விட், எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும்படி தயாரிக்கப்படுவது. ஓடும் தண்ணீரில் காட்டி விரலால் தேய்த்தால், வழுக்கல் போய்க் கண்ணாடி கீச்சிடும்.

துணி பவுடரின் கதை வேறு. வெள்ளையைப் பளிச்சென்று காட்டப் பல பவுடர்களில் ஒளிர்பொருள் சேர்க்கிறார்கள். துவைத்த பின்னும் அது நூலிலேயே ஒட்டியிருக்க வேண்டும், அதற்காகத்தான் சேர்ப்பதே. புற ஊதா டார்ச் அடித்தால் துவைத்த சட்டை நீலமாக ஒளிர்வது இதனால்தான். வாசனையும் அப்படித்தான், துணியில் நாள்கணக்கில் நிற்க வேண்டும். துணி பவுடரால் கழுவிய பிளாஸ்டிக் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அப்புறம் திறந்தால் துணி அலமாரி வாசனை அடிக்கும். மரக்கரண்டியும் மெருகு பூசாத மண்பாத்திரமும் இன்னும் அதிகம் உறிஞ்சும். மண்பாத்திரத்துக்கு நான் லிக்விட்கூடப் போடுவதில்லை, வெந்நீரும் பிரஷ்ஷும்தான்.

மேடை துடைக்கும் ஸ்ப்ரே பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி இருக்கிறது. அது பரப்பில் ஒட்டிக்கொள்ளும் ரகம். உணவு படும் இடமானால் நல்ல தண்ணீரால் அலசச் சொல்லி லேபிளிலேயே போட்டிருப்பார்கள். தட்டில் அடித்துத் துணியால் துடைத்து அடுக்கி வைப்பது வேண்டவே வேண்டாம்.

பயமுறுத்தும் பெயர் ப்ளீச்சுக்குத்தான். ஆனால் பச்சை இறைச்சி வெட்டிய பலகைக்கு அது சரியான மருந்து. வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச் திரவம் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி போதும். முதலில் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் பலன் குறைந்துவிடும். சில நிமிடம் விட்டு அலசிக் காயவைக்கலாம். எவர்சில்வரில் ஊறவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்ப்பவை.

டிஷ்வாஷர் மாத்திரை பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அதில் காரம் அதிகம், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், கையால் தேய்க்க ஏற்றதல்ல என்பது வரை உறுதியாகச் சொல்வேன்.

லிக்விடையும் ஸ்க்ரப்பரில் நேராக ஊற்றாமல், கிண்ணத்துத் தண்ணீரில் சில சொட்டு விட்டுத் தொட்டுத் தேய்க்கிறேன். அலசும் தண்ணீரும் மிச்சம், கையும் அவ்வளவாக வறள்வதில்லை.