பேபிளேடு எக்ஸ், ஒன்றரை வருடம்: பிளேடை விட பிட்தான் பெரிது

பேபிளேடு எக்ஸ் என்பது ஒன்றோடொன்று மோதவிடும் பொம்மைப் பம்பரம். எது எப்படி ஆடுகிறது என்று முதல் ஒரு மாதம் நோட்டில் எழுதிய கணக்கு எல்லாம் தப்பு. காரைக்குடி வீட்டில், வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று ஸ்டேடியத்தை, அதாவது பம்பரங்கள் மோதும் தட்டை, வளவு (முற்றம்) நடுவில் வைத்திருந்தோம். மழைத்தண்ணீர் வடிய அங்கே தரைக்கு வாட்டம் உண்டு. எதை விட்டாலும் ஒரே பக்கம் சாய்ந்தது. “வாட்டத்துல வச்சா பம்பரம் எப்படிப்பா நிக்கும்?” என்று ஐயா கேட்ட பிறகுதான் உறைத்தது. அப்புறம் பத்தியில், ஆத்தங்குடிக் கல் பதித்த சமமான இடத்துக்கு மாற்றினோம்.

எங்களிடம் இருப்பவை 2023-இல் ஜப்பானில் முதலில் வந்த நான்கு: டிரான் ஸ்வோர்டு 3-60எஃப், ஹெல்ஸ் சைத் 4-60டி, விசார்டு ஆரோ 4-80பி, நைட் ஷீல்டு 3-80என். பெயரில் வரும் எண்கள் ராட்செட்டைக் குறிக்கும், கடைசி எழுத்து பிட்டை: எஃப் ஃபிளாட் (தட்டை முனை), டி டேப்பர் (கூம்பு முனை), பி பால் (உருண்டை முனை), என் நீடில். லீவுக்கு வரும் அக்கா மகனும் நானும் மேலே பிளேடு, நடுவில் ராட்செட், அடியில் பிட் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டி விட்டுப் பார்த்திருக்கிறோம்.

கடையில் எல்லாரும் பிளேடைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆட்டத்தை மாற்றுவது அடியில் இருக்கும் பிட். டிரான் ஸ்வோர்டில் ஃபிளாட் இருந்தால், பிட்டின் பல் ஸ்டேடியம் ஓரத்துப் பல்வரிசையைக் கவ்வி, சரேலென்று பாய்ந்து அடிக்கும். அதே பிளேடில் பால் போட்டால் நடுவில் சாதுவாக நிற்கும். அடிக்கும் வேகம் இருக்காது. நீடில் ஊசி முனை. நின்ற இடத்தில் சுற்றும், பக்கவாட்டில் ஒரு நல்ல அடி விழுந்தால் தள்ளாடும். எனக்குப் பிடித்தது டேப்பர். நேராக விட்டால் நடுவில் நிற்கும், சாய்த்து விட்டால் ஓடும். “அம்மான், சாச்சு விடுங்க” என்று அவன் சொல்லிச் சொல்லித்தான் எனக்குக் கை பழகியது.

ராட்செட்டில் முதல் எண் பக்கங்களின் எண்ணிக்கை. 3-க்கும் 4-க்கும் எங்கள் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது எண் உயரம்: 60 என்றால் 6 மில்லிமீட்டர், 80 என்றால் 8. இதுதான் கவனிக்க வேண்டியது. 80 போட்டால் பிளேடு மேலே ஏறிவிடும். எதிராளியின் தாழ்ந்த பிளேடு நேராக ராட்செட்டில் ஆக்கர் வைத்த மாதிரி மோதும், உடனே கழன்று சிதறும். இப்படிச் சிதறுவதுதான் பர்ஸ்ட், ஆனால் எதிராளிக்கு 2 புள்ளி. ஆட்டமே 4 புள்ளிதான்.

தேய்மானம் ஃபிளாட்டில்தான் அதிகம். எங்கள் ஃபிளாட்டின் விளிம்பு மழுங்கி, பழைய பாய்ச்சல் போய்விட்டது. வெறும் தரையில் விட்டதும் ஒரு காரணம், அதைச் செய்யாதீர்கள். விலை குறைவு என்று போலி ராட்செட் ஒன்று வாங்கினோம். பூட்டு தளர்வாக இருந்து சும்மா சுற்றும்போதே கழன்றது.

இப்போது நான் விடுவது விசார்டு ஆரோ 3-60பி. ஆரோ வட்டமான பிளேடு, பால் பிட்டோடு நெடுநேரம் சுற்றும். உயரத்தை 60-க்கு இறக்கிய பிறகு சிதறுவதும் குறைந்துவிட்டது.