கீமோவுக்கு முன்: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா, விந்தணு சேமிப்பா?

சைக்ளோபாஸ்பமைடு, சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. விரையில் விந்தணுக்களை உருவாக்கும் செல்களும் அந்த ரகம்தான். கூடவே ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் (வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் செல்லில் பெருகும் நிலை) ஏறி, மிஞ்சிய விந்தணுக்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது.

இங்கேதான் அந்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களான வைட்டமின் ஈ, மெலடோனின் எல்லாம் பேச்சுக்கு வருகின்றன. எலிகளில் நல்ல பலன்: விரைக்குள் விந்தணு உருவாகும் நுண்குழாய்களின் மெலிந்துபோன சுவர் ஓரளவு தேறுகிறது, விந்தணு எண்ணிக்கையும் கூடுகிறது. ஆனால் மனிதர்களிடம் இது இன்னும் நிரூபணமாகவில்லை. எனக்குப் பெரிய கவலை வேறு. புற்றுச் செல்லைக் கொல்ல சில மருந்துகள் அதே ஆக்ஸிஜனேற்றத்தைத்தான் ஓரளவு நம்பியிருக்கின்றன. மாத்திரை அந்தச் செல்லையும் காப்பாற்றிவிடலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தயவுசெய்து எதையும் விழுங்காதீர்கள்.

விந்தணு சேமிப்பு வேறு வழி; அது விரையைக் காப்பதில்லை. முதல் டோஸுக்கு முன்பே விந்தணுக்களை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் குழந்தை பிறந்திருக்கிறது. எண்ணிக்கை குறைவா? சரி, பரவாயில்லை; கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. பருவமடையாத சிறுவர்களுக்கு மட்டும் இந்தச் சேமிப்பு பொருந்தாது. மற்றவர்களுக்கு என் வாக்கு இதற்கே. சிகிச்சைக்கு இரண்டே நாள் இருந்தாலும் இன்றே கேளுங்கள்.