வாட்டர் ஜெட்: ரீல் தாங்கியை மாற்றிய பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுகிற இந்த வாட்டர் ஜெட் மெஷினை வாங்கலாமா என்று குளுகோரில் இருக்கும் மச்சான் கேட்டார். ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. போன வாரம்தான் இதே மாடலில், ஹோஸ் சுற்றுகிற ரீலின் தாங்கியை மாற்றி முடித்தேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

130 பார் அழுத்தம், ரீலோடு வருகிற மாடல். மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. பம்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் போர்ச் முழுக்கப் பாசி ஏறிவிடும். பின்னாலேயே தீபாவளி வந்து நிற்கும். அந்த வேலையை இந்த மெஷின் வருடா வருடம் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்திருக்கிறது. கால்வாய் ஓரத்தில் கறுப்பாக அப்பிக் கிடந்ததைச் சுரண்டாமலே பெயர்த்து எடுத்தது. வாங்கிய அன்று எப்படி அடித்ததோ, இன்றும் அதே வேகம்தான்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் பின்பக்கம் இருக்கிற ரீல் மேல்தான்.

ஹோஸ் சுற்றுகிற டிரம்மை இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகள் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே போகிற வழி, மறுபக்கம் சுற்றுகிற கைப்பிடி. தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஹோஸ் நல்ல கனம். நாம் சுற்றும்போது கையின் அழுத்தமும் சேர்ந்து கைப்பிடிப் பக்கத் தாங்கியின் மேலேயே இறங்குகிறது. போதாததற்குத் தரையில் இழுபட்ட ஹோஸ், சிமெண்டு மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. அந்த மணல், டிரம் சுழலுகிற அச்சான ஷாஃப்டுக்கும் தாங்கிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிளாஸ்டிக்கை அறுக்கும். பழைய தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை மாதிரி நீண்டு கிடந்தது, அடியில் கறுப்புத் தூளும் மணலும் பசையாக ஒட்டியிருந்தன.

தாங்கி தேய்ந்தால் தாங்கியோடு போவதில்லை. டிரம் ஒரு பக்கம் சாய்கிறது, ஹோஸ் அந்தப் பக்கமே குவிகிறது, கைப்பிடி பாடியில் உரசுகிறது. இன்னொரு முனையில் ஷாஃப்ட் கோணலாக நிற்பதால், தண்ணீர் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரே பக்கமாக நசுங்கித் தண்ணீர் சொட்டுகிறது. நமக்குக் கண்ணில் படுவது அந்தச் சொட்டு மட்டும்தான். முதலில் கொண்டுபோன சர்வீஸ் கடையில் ஓ-ரிங்கை மாற்றிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே இடத்தில் ஒழுகல். டிரம்மை ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

உங்கள் ரீலில் ஒழுகினால் கைப்பிடிப் பக்கம் டிரம்மைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஓ-ரிங்கை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டதற்கு, "அண்ணே, இது தனியா வராது, பின்னாடி ஃபிரேமோட செட்டாத்தான் எடுக்கணும்" என்றார் அங்கிருந்த தம்பி. ஃபிரேம் விலை 160 வெள்ளி (ரிங்கிட்). உள்ளங்கை அளவுத் துண்டுக்கு இவ்வளவா! கடைசியில் கோலாலம்பூரில் ஒருவர் ஆன்லைனில் தனியாக விற்றார், 28 வெள்ளி. பொருளைத் தனியாகச் செய்கிறார்கள். கடைகளுக்குத் தனியாக அனுப்ப மட்டும் மனசு வரவில்லை.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்ப் பைப்பை மூடி, தண்ணீர் அடிக்கிற கன்னின் விசையை அழுத்தி உள்ளே நிற்கிற பிரஷரை முழுக்க வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். ஹோஸை மொத்தமாக அவிழ்த்துவிட்டால் டிரம் லேசாகிவிடும். என்னுடையதில் நட்சத்திர முனை ஸ்க்ரூ. ஆழமான குழிக்குள் இருப்பதால் நீளமான டிரைவர் வேண்டும். ஸ்க்ரூக்களின் நீளமும் ஒன்றுபோல் இல்லை, எது எங்கிருந்து வந்தது என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கவனம். பிளாஸ்டிக்கில் ஏறுகிற ஸ்க்ரூவை எடுத்தவுடன் முறுக்கினால் புதுப் புரி வெட்டிவிடும். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் பிடிமானமே போய்விடும். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய புரிக்குள் இறங்குவது விரலுக்கே தெரியும். அதற்குப் பிறகு வலப்பக்கம் முடுக்கினால் போதும். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். ரப்பர் இ.பி.டி.எம். ரகமாக இருந்தால் பெட்ரோலிய கிரீஸ் பட்டு உப்பிவிடும்.

மாற்றிய பிறகு ரீல் சுற்றுவது அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஒரே கையால், எங்கும் முட்டாமல், வரிசை வரிசையாகப் படிகிறது. சொட்டு நின்றுவிட்டது. வாங்கிய புதிதில்கூட இப்படிச் சுற்றியதாக ஞாபகம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த மாடலை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இதே பம்பு ரீல் இல்லாமல் வருகிறது, விலையும் குறைவு. சுவரில் ஒரு கொக்கி அடித்து ஹோஸை மாட்டிக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல பம்பைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துளையில் ஒரு பித்தளை புஷ் (உள்வளையம்) வைக்க ஏன் தோன்றவில்லை? அதை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.

ரீல் இல்லாமல் முடியாது என்பவர்கள் மெஷின் வாங்கும்போதே கைப்பிடிப் பக்கத் தாங்கி ஒன்றையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள். பிரஷரை இறக்கிய பிறகே சுற்றுங்கள், விறைத்த ஹோஸைச் சுற்றினால் அந்தப் பாரமும் தாங்கி மேல்தான். சுற்றும்போது இன்னொரு கையில் ஈரத்துணியை வைத்து ஹோஸை அதற்குள் ஓடவிடுங்கள், மணல் துணியிலேயே நின்றுவிடும்.