புது டீசல் பிக்கப், மாங்காய் லோடு: 62,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

சாவியைக் கொடுத்த ஷோரூம்காரர், “முதல் 1,500 கிலோமீட்டருக்கு லோடே ஏத்தாதீங்க சார்” என்றார். அன்று சாயங்காலமே பெங்களூர் சிவாஜிநகரில், என் பழைய வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் பாய் சிரித்தார். “ரிங் உக்காரணும்னா அமுக்கம் வேணும் தம்பி. காலி வண்டியில அமுக்கம் எங்கிருந்து வரும்?”

இன்ஜின் விஷயத்தில் பாய் சொன்னது சரி, மற்ற பாகங்கள் விஷயத்தில் ஷோரூம்காரர் சொன்னது சரி. இது எனக்குப் புரிய ஒரு முறை கை சுட வேண்டியிருந்தது.

வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல், பி.எஸ்.6 புகை விதிப்படி செய்தது, 1.5 டன் ஏற்றலாம். 2023 ஏப்ரல் கடைசியில் எடுத்தேன், அடுத்த வாரமே மாங்காய் சீசன். கிருஷ்ணகிரியில் ஏற்றி, சிங்கேன அக்ரஹாரா பழ மண்டியில் இறக்குவதுதான் பிழைப்பு. கிருஷ்ணகிரியைவிட பெங்களூர் ஏறக்குறைய 400 மீட்டர் மேலே இருக்கிறது. போகும்போது காலி வண்டி, இறக்கம். வரும்போது லோடு, ஏற்றம். இன்ஜினைப் பழக்க இதைவிட நல்ல ரோடு கேட்டாலும் கிடைக்காது.

பாய் சொன்ன அமுக்கம் என்ன என்று பிறகுதான் விளங்கியது. புது சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். ஆயில் அதில்தான் தங்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையமான ரிங்கும் அதில் உரசித்தான் சுவரோடு படியும். ரிங்கைச் சுவரோடு தள்ளுவதில் பெரும்பங்கு, எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து கொடுக்கும் அழுத்தத்துக்கு. லோடு இல்லையென்றால் டீசல் குறைவு, அழுத்தமும் குறைவு. அப்படியே மணிக்கணக்கில் ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விட்டால் ஆயில் தீய்ந்து, கோடுகளை அடைத்துக்கொண்டு, சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அதற்குப் பிறகு வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

முதல் 500 கிலோமீட்டர் அரை டன்னுக்குள் ஓட்டினேன். வண்டி அருமையாக இழுத்தது. ஆசை விடுமா? 600-ஐத் தாண்டியதும் ஒரே நாளில் 1.5 டன்னுக்கும் மேலே கிரேட் அடுக்கினேன். சூளகிரி ஏற்றத்தில், டீசல் மிச்சம் என்று நாலாவது கியரிலேயே மிதித்துக்கொண்டு வந்தேன். வண்டி உறுமித் திணறியது. பக்கத்தில் இருந்த மச்சான், “மாமா, கீழ போடுங்க, இன்ஜின் அழுவுது” என்றான். மூணுக்கு மாற்றியதும் சத்தம் தெளிந்தது. புது இன்ஜினை அதிகமாகச் சுற்றவிடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறைந்த சுற்றில் மிதித்துத் திணறடிப்பது அதைவிட மோசம் என்று யாரும் சொல்வதில்லை.

அத்திப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு, பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றவைக்கும் கியர்களின் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கையை வெடுக்கென்று எடுத்தேன். அதற்குள் இருக்கிற புது கியர் பற்களும் ஒன்றோடொன்று பழகணும். அதற்கு நடுநடுவே ஆறவும் நேரம் வேண்டும். கிளட்ச், பிரேக் எல்லாம் அதே கதைதான். அன்றிலிருந்து 1,500 வரைக்கும் 800 கிலோவுக்கு மேல் ஏற்றவில்லை. 2,000-க்குப் பிறகுதான் முழு லோடு. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி, 60-க்குள் வைத்தேன்.

2,000-த்தில் இன்ஜின் ஆயிலையும் ஹவுசிங் ஆயிலையும் என் காசில் மாற்றினேன். சர்வீஸ் சென்டரில், அவசியமில்லை என்றார்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் ஜரிகை போல மின்னியது. புகைவடிகட்டி இருக்கிற வண்டி என்பதால் சாம்பல் குறைந்த சி.கே.4 என்கிற தர ஆயில்தான் இன்ஜினுக்கு ஊற்றினேன். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது 62,000. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டிப்ஸ்டிக் அளவு இறங்குவது கண்ணுக்கே தெரிவதில்லை. லிட்டர் டீசலுக்கு முழு லோடில் 11, காலியாக 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. கிளட்ச் பிளேட்டை மட்டும் 48,000-த்தில் மாற்றினேன். மடிவாளா மார்க்கெட்டுக்காகத் தினமும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டுகிறவன் அதற்கு வண்டியைக் குறை சொல்லக் கூடாது.

மச்சானும் இதே மாடல் எடுத்தான். அவன் ஏற்றுவது சிப்ஸ் மூட்டை. வண்டி நிறையும், எடை இருக்காது. கடைக்குக் கடை நிறுத்தி, ஏ.சி.க்காக இன்ஜினை அணைக்கவே மாட்டான். 30,000-த்திலேயே அவன் வண்டி மாதம் அரை லிட்டர் ஆயில் கேட்கிறது. புகைவடிகட்டி விளக்கும் அடிக்கடி எரிகிறது. முதல் மாத ஓட்டம்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், சந்தேகம் அதன் மேல்தான்.

போன வாரம் இரண்டாவது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். முதல் 2,000 கிலோமீட்டரை நான் ஓட்டித் தருகிறேன், மே மாதம் டெலிவரி எடு என்றேன். சரி என்றான். டீசல் மட்டும் என் கணக்காம்.