‘இரண்டு சானல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்: ஏஐஎஸ் ரிசீவர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சொந்தப் பாய்மரப் படகில் நெடும்பயணம் போகிறவர்கள் ஏஐஎஸ் ரிசீவர் (சுற்றிலும் போகும் கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் பெயர், இருப்பிடம், வேகத்தைப் பிடித்துத் திரையில் காட்டும் கருவி) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்ற கடை சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு. பொருத்திய விதமோ அதைவிட மோசம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. இருட்டில் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்கும் நான்கு பேர் அந்தத் திரையை நம்பி உட்கார்ந்திருந்தோமே, அதுதான் இன்றும் ஆறவில்லை.

பெட்டியின் மேல் ‘இரண்டு சானல்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஏஐஎஸ் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு விஎச்எஃப் சானல்களில், அதாவது படகு ரேடியோ பயன்படுத்தும் அதே அலைவரிசைப் பகுதியில், இயங்குகிறது. கப்பல் தன் இருப்பிடத்தை ஒருமுறை முதல் சானலிலும் மறுமுறை இரண்டாவதிலும் மாறி மாறி அனுப்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க, கருவிக்குள் இரண்டு சானலுக்கும் தனித்தனி ஏற்பு வசதி இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் ஒன்றுதான் இருந்தது. சிறிது நேரம் இந்தச் சானல், சிறிது நேரம் அந்தச் சானல் என்று அது தாவிக்கொண்டே இருந்தது. இரண்டு அறைகளில் நடக்கும் பேச்சை ஒரே ஆள் அங்குமிங்கும் ஓடிக் கேட்பது போலத்தான். அதையும் ‘இரண்டு சானல்’ என்று எழுதி விற்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து பொய் என்று நிரூபிக்க முடியாத பொய் இது.

இதைக் கண்டுபிடித்தவர் படகுத்துறையில் எங்களுக்கு அடுத்து கட்டியிருந்த பெரியவர். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுக வாயிலில் ஒரு கண்டெய்னர் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அவர் திரையில் அதன் பெயர், வேகம், திசை எல்லாம் இருந்தன. எங்கள் திரையில் பெயரில்லாத முக்கோணம் ஒன்று நின்று நின்று குதித்தது. அவர் தன் மடிக்கணினியை எங்கள் ரிசீவரில் செருகி, வேகத்தை 38,400 பாட் என்று வைத்து, உள்ளே வரும் வரிகளை அப்படியே ஓடவிட்டார். ஆச்சரியக்குறியில் தொடங்கி ஏஐவிடிஎம் என்று வரும் ஒவ்வொரு வரியிலும், சில காற்புள்ளிகள் தாண்டி ஏ அல்லது பி என்று ஓர் எழுத்து இருக்கும். எந்தச் சானலில் கேட்டது என்பதற்கான குறி அது. நல்ல கருவியில் இரண்டு எழுத்தும் கலந்து வரும். எங்களுடையதில் தொடர்ந்து ஏ, ஏ, ஏ என்றே வந்தது. பிறகு ஒரு நொடி நின்று, பி, பி, பி. “இதற்குள் இருப்பது ஒரே ஒரு ரிசீவர்தான் தம்பி” என்றார்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். “பெரிய கப்பல் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது, பாதி தவறினால் என்ன கெட்டுவிடும்?” என்று அவர் வாதாடினார். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்புவது உண்மைதான். ஆனால் அதன் பெயரும் அழைப்புக்குறியும் அடங்கிய தகவல் 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்த நேரம் ரிசீவர் அடுத்த சானலில் இருந்தால் இன்னும் 6 நிமிடம் காத்திருக்க வேண்டும். 20 நாட் வேகத்தில் வரும் கப்பல் அதற்குள் 2 கடல் மைல் நெருங்கிவிடும். பெயர் தெரிந்தால்தானே ரேடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்? சிறு படகுகளுக்கென்று உள்ள 2 வாட் கிளாஸ் பி ஏஐஎஸ் கருவிகளோ ஓடும்போதுகூட 30 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்புகின்றன. அதில் ஒன்று தவறினால் ஒரு நிமிடம் போய்விடும்.

அடுத்தது, என்னால் மன்னிக்கவே முடியாதது. எங்களோடு இரவுக் காவல் நிற்கும் என் அண்ணன் மகனிடம், “இனிமேல் கப்பல்காரர்களே உங்களைப் பார்த்து விலகிப் போவார்கள்” என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ரிசீவர் கேட்க மட்டுமே செய்யும். நம் படகு அவர்கள் திரையில் தெரிய வேண்டுமென்றால் அனுப்பவும் செய்கிற டிரான்ஸ்பாண்டர் வேண்டும். தன்னைக் கப்பல் பார்த்துவிட்டது என்று நம்புகிறவன் சுக்கானைத் திருப்பத் தயங்குவான். அந்தத் தயக்கத்தில் உயிர் போகும். இது போதாதென்று, ரசீதில் ‘எம்எம்எஸ்ஐ எண் பதிவேற்றம்’ என்று ஒரு கட்டணம் வேறு. படகை அடையாளம் காட்டும் அந்த ஒன்பது இலக்க எண் அனுப்பும் கருவிக்குத்தான் தேவை. எங்கள் ரிசீவரில் அதைப் பதிவேற்ற இடமே கிடையாது. செய்யாத, செய்யவே முடியாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

ஆண்டெனா விஷயத்துக்கு வருகிறேன். பாய்மர உச்சியில் இருக்கும் விஎச்எஃப் ஆண்டெனாவையே ரிசீவருக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பிரிப்பான் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிறப் பெட்டி, மூன்று முனைகள். மின்சாரம் கொடுக்கும் கம்பி எதுவும் இல்லை. அந்தக் கம்பி இல்லாததைத்தான் கவனிக்க வேண்டும். ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினால் 25 வாட் சக்தி வெளியே போகிறது. படகுக்கென்று செய்யப்பட்ட பிரிப்பான், நாம் பேசத் தொடங்கியதும் ரிசீவரை ஆண்டெனாவிலிருந்து துண்டித்துவிடும். அந்த வேலைக்கு அதற்கு மின்சாரம் வேண்டும். எங்களுக்கு வைத்ததோ தொலைக்காட்சிக் கேபிளைப் பிரிக்கிற வகை. ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத சமிக்ஞையைக் கேட்கச் செய்த கருவிக்குள், நாங்கள் பேசும் ஒவ்வொரு முறையும் வாட் கணக்கில் சக்தி பாய்ந்தது.

முதலில் ரேடியோதான் பலவீனமானது. வழக்கமாகத் தெளிவாகக் கேட்கும் தூரத்திலிருந்து அழைத்தபோதே துறைமுகக் கட்டுப்பாட்டு அறை திரும்பச் சொல்லச் சொன்னது. சக்தியில் பாதி ஆண்டெனாவுக்குப் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பின் ரிசீவர் செவிடாகத் தொடங்கியது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கப்பல்கூடத் திரையில் வரவில்லை. உத்தரவாதத்தைக் கேட்டபோது, “ரேடியோவில் பேசியதால் எரிந்துபோயிருக்கிறது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்றார்கள். படகில் ரேடியோவை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டுமாம்! பிரிப்பானைப் பொருத்தியது அவர்கள் ஆள், ரசீதில் கையெழுத்தும் அவருடையது. எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். கூடுதல் பணம் கட்டினால் வேறு கருவி தருவதாக மட்டும் பதில் வந்தது.

இனி வாங்கப் போகிறவர்கள், “இரண்டு சானலையும் ஒரே நேரத்தில் கேட்குமா?” என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். கிளாஸ் பி படகுகளின் தகவலைக் காட்டுமா என்றும் கேளுங்கள். பழைய மென்பொருள் உள்ள சில பிளாட்டர்கள் (கடல் வரைபடத் திரைகள்) அதைக் காட்டுவதில்லை. பொருத்தி முடித்ததும், கப்பல் நடமாட்டம் உள்ள இடத்தில் அவர்கள் ஆள் படகில் இருக்கும்போதே ஏ, பி எழுத்து வரும் அந்த வரிகளை மடிக்கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ரேடியோவில் பேசிவிட்டு, கப்பல்கள் முன்போலவே திரையில் வருகின்றனவா என்று பாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் கப்பல்கள் குறைவாகத் தெரிந்தால் எல்இடி விளக்குகளை அணைத்துப் பாருங்கள். பாய்மர உச்சியில், ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலிவான விளக்கு விஎச்எஃப் அலைகளைக் கெடுக்கும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதற்காக ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. “போன் செயலி இருக்கிறதே, ரிசீவர் எதற்கு?” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தகவல் பெரும்பாலும் கரையில் உள்ள நிலையங்கள் வழியாகச் சுற்றி வருகிறது. தாமதமாகும், கரையிலிருந்து விலகினால் நின்றும் போகும். நல்ல ரிசீவரிலும் எல்லாமே தெரிந்துவிடாது. சர்வதேச விதிப்படி ஏஐஎஸ் கட்டாயம் என்பது முக்கியமாகப் பயணிகள் கப்பல்களுக்கும், சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும்தான். விளக்கில்லாத மீன்பிடிப் படகைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் வேறு இடத்தில் ஒரு ரிசீவர் வாங்கி, படகின் பின்புறக் கைப்பிடிக் கம்பியில் அதற்கென்றே தனி ஆண்டெனா வைத்துவிட்டோம். 3 மீட்டர் உயரம்தான். ஆனாலும் ஆண்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் கப்பலை ஏறத்தாழ 15 கடல் மைலிலேயே பிடித்துவிடுகிறது. விலகிப் போக அது தாராளம்.

உங்கள் படகிலும் ரேடியோவுக்குப் பின்னால் மின்கம்பி இல்லாத அந்த வெள்ளி நிறப் பிரிப்பான் இருந்தால், இன்றே அதைக் கழற்றிவிட்டு ஆண்டெனா கேபிளை நேராக ரேடியோவில் செருகிவிடுங்கள். அதுவரை பேசும் பொத்தானைத் தொடாதீர்கள்.