பிரேக் கேலிப்பர் மாத்துனதா சொல்லி 14,650 ரூவா முழுங்கிட்டாங்க, கார் வெச்சிருக்கறவங்க படிங்க

இன்னிக்கு வெடியாலதான் கடைசியா அந்தப் பட்டறைக்குப் போயிட்டு வந்தேன். இன்னும் கை நடுங்குது, எழுத்துல தப்பிருந்தா பொறுத்துக்குங்க. 14,650 ரூவா போச்சு. எங்கம்மா உசுரும் போயிருக்க வேண்டியது.

வண்டி 2013 மாடல் டீசல் கார், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணு வாரத்துக்கு முன்னால ஈரோடு போயிட்டு கோபி திரும்பறப்ப முன்பக்க இடது வீல்ல ஒரே கருகல் வாசம். கையப் பக்கத்துல கொண்டுபோனாலே அனல் அடிக்குது. பிரேக்க மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குது. கேலிப்பர்ங்கறது வீலோட சுத்தற டிஸ்க்கைப் பேடு வெச்சு அமுக்கிப் பிடிக்கற பாகம். அதுக்குள்ள பேடைத் தள்ளற பிஸ்டன் துருப்பிடிச்சு, வெளிய வந்தது உள்ள போகாம மாட்டிக்கிட்டா பேடு டிஸ்க்கை உரசிட்டேதான் கெடக்கும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

எப்பவும் பாக்கற மெக்கானிக்கண்ணன் ஒறம்பரை கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. ரெண்டு நாள் பொறுத்திருக்கோணும். பொறுக்காம ஆப்புல புக் பண்ணினேன், எனக்கே ஆப்பு வெச்சுக்கிட்டேன். முன்கூட்டியே காசு கட்டுனா பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பி வெக்கற வகை. பேரு வேண்டாம், நாளைக்குக் கேஸுன்னு வந்தா நமக்கே வினை.

கண்ணாடி ரூமு, ஏசி, காப்பி மெசினு. சூப்பர்வைசர் பையன், முப்பது வயசு இருக்கும். "எந்தூருங்ணா?"ன்னான். சொன்னேன். "அட, எங்க அம்மிச்சி ஊருக்குப் பக்கம்தானுங்! சின்ன வயசுல அந்த வாய்க்கால்லதானுங் குளிப்போம்"னான். எந்த வாய்க்கால்னு கேக்கத் தோணலை பாருங்க. கோபிப் பக்கம் எந்த ஊருக்குத்தான் வாய்க்கா இல்ல! அப்புறம் அட்டைப் பெட்டி ஒண்ணைக் கொண்டாந்து என் கண்ணு முன்னாலயே பிரிச்சான். பிளாஸ்டிக் பையில புதுக் கேலிப்பர், பளபளன்னு. "ஒண்ணு போச்சுன்னா ரெண்டையும் மாத்திரோணுங்ணா, ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா பிரேக்கு சமமாப் பிடிக்காதுங்." பேச்சு நியாயமாத்தான் இருந்துச்சு. "நம்மூட்டு வண்டி மாதிரி பாத்துத் தாரேனுங், நீங்க போயிச் சாப்பிட்டு வாங்"கன்னான். நானும் போயி சாப்பிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் 14,650 ரூவா.

திரும்பி வந்தா ரெண்டு வீலுக்குள்ளயும் வெள்ளியாட்டம் மின்னுது. பழசு எங்கன்னு கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்ணா." சரின்னு வந்துட்டேன்.

மறுநாளே பெடல் மெத்து மெத்துன்னு எறங்குச்சு. ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது. அதைவிட வேடிக்கை, முன்னால இடது பக்கம் இழுத்த வண்டி இப்ப வலது பக்கம் இழுக்குது. போன் பண்ணினேன். "புது பேடுங்ணா, 500 கிலோமீட்டர் ஓடுனா செட்டாயிருங்." ரெண்டாவது தடவை: "ரோட்டு வாட்டம்ங்ணா." ஏப்பா, நம்ம ரோடு இடது ஓரமாத்தான் சரியும், வலது பக்கம் எப்படி இழுக்கும்னு கேட்டேன். "அப்ப அலைன்மென்ட் பாக்கோணுங், 600 ரூவா ஆகும்." ஆப்புக்காரங்களைக் கேட்டா 48 மணி நேரத்துல கூப்புடறோம்னு மெசேஜ். இன்னி வரைக்கும் கூப்புடலை.

போன ஞாயித்துக்கிழமை ஆசனூர்ல ஒரு விசேசம். அம்மாவையும் சம்சாரத்தையும் கூட்டிட்டுத் திம்பம் மலை ரோட்டுல ஏறினேன். ஏறுறப்ப ஒண்ணும் தெரியலை. எறங்கறப்ப, அந்த 27 வளைவுல பாதி கூட முடியலை, முன்னால ஒரு கரும்பு லாரி ஊர்ந்துட்டுப் போகுது, பிரேக்க மிதிச்சா பெடல் தரையத் தொட்டுருச்சு. ரெண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்து, எப்படி நின்னுச்சுன்னே தெரியலை. அம்மா ஒரு வார்த்தை பேசலை. பண்ணாரி வந்ததும் எறங்கிப் போயி ஆத்தா வாசல்ல உக்காந்துட்டாங்க.

நம்ம மெக்கானிக்கண்ணனுக்குப் போன் போட்டேன், சத்தியிலிருந்து ஒரு தம்பியைத் தாட்டி விட்டாரு. அந்தத் தம்பி வீலைக் கழட்டிப் பாத்துட்டுச் சிரிச்சான். "அண்ணா, இது புதுசு இல்லீங், உங்க பழசேதான். பெயிண்ட் அடிச்சிருக்காங்." ஸ்க்ரூ டிரைவர்ல சொறண்டினான், அடியில துருக்குழி. பிஸ்டனை மூடியிருக்கற ரப்பர் உறையும் பழசு, வெடிச்சுக் கெடக்கு. கழட்டிப் பெயிண்ட் அடிச்சுக் காயப்போட்டவன் எது இடது, எது வலதுன்னு மறந்து மாத்தி மாட்டியிருக்கான். அதனாலதான் மாட்டிக்கிட்ட பிஸ்டன் வலது பக்கம் போயி அந்தப் பக்கம் இழுத்துருக்கு. பிரேக் ஆயில்ல சிக்குன காத்தை வெளிய எடுக்கற நிப்பிள் மேல இருக்கோணும், இது கீழ தலைகீழாத் தொங்குது. காத்து மேலதான நிக்கும், கீழ இருக்கற நிப்பிளைத் திறந்து எத்தனை தடவை எடுத்தாலும் அது வெளிய வராது. அதான் மெத்து மெத்துன்னு இருந்துருக்கு.

நெசமான கேலிப்பர் ரெண்டும் பிரேக் ஆயிலும் வாங்கி மாத்த மேல 9,300 ஆச்சு. இப்பப் பெடல் கல்லாட்டம் நிக்குது.

இன்னிக்குப் பட்டறைக்குப் போனா, அம்மிச்சி ஊருக்காரன் நோம்பிக்கு லீவாம். இன்னொருத்தன் சொல்றான், "வெளிய கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சுங். ஆப்புல கேளுங்." ஆப்புல கேட்டா, "பட்டறையில பேசுங்க சார்." 14,650 ரூவா வாங்கறப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்க.

நெறைய எழுதோணும்னு உக்காந்தேன், மண்டை காயுது. சுருக்கமாச் சொல்றேன். வேலைக்கு விடறதுக்கு முன்னால பழைய கேலிப்பரைப் போன்ல போட்டோ எடுத்து, ஆணியில ஒரு கீறல் போட்டு வைங்க. கழட்டினதைக் கையில வாங்காமக் காசு குடுக்காதீங்க. மாட்டினதுக்கப்புறம் நிப்பிள் மேல பாத்து இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. பெடல் மெத்துன்னு இருந்தா வண்டிய எடுக்காதீங்க, எவன் என்ன சொன்னாலும் சரி.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சுட்டேன். நுகர்வோர் கோர்ட்டுல 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்லையாம், அதையும் போடறேன். கேலிப்பர் ரெண்டும் டிக்கியிலதான் கெடக்கு, பெயிண்ட் சொறண்டுன எடம் அப்படியே இருக்கு.