எதிரெதிரே இருவரிடமும் லாங் பிம்பிள்ஸ்: பொறுப்பதா, திருப்புவதா, அடிப்பதா?

செங்கோட்டையில் நாங்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் இடத்தில் மேசை ஒன்றுதான். வருகிறவர்களில் பேட்டின் பேக்ஹேண்ட் பக்கத்தில் ஸ்பாஞ்ச் இல்லாத லாங் பிம்பிள்ஸ் (நீளமான முளைகள் வெளியே நிற்கும் ரப்பர்) ஒட்டி, மேசையை விட்டு நகராமல் புஷ்ஷும் (மெல்லத் தள்ளுவது) பிளாக்குமாக (வருவதைத் தடுத்துத் திருப்புவது) ஆடுகிறவர்கள் இரண்டு பேர்: நானும், ஆரியங்காவிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு அண்ணாச்சியும். மற்றவர்களோடு ஆடும்போது எங்களுக்கு வேலை சுலபம், அவர்கள் டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) போட்டு இழுத்தால் அது பேக் ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சி) திரும்பிப் போகும், அடுத்த பந்தை அவர்களே வலையில் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்றால்தான் சிக்கல். பிம்பிள்ஸ் தானாக ஸ்பின் உண்டாக்குவது கிடையாது, வந்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும். நாலு புஷ் போனால் பந்தில் சுழற்சியே இருக்காது. அந்தச் செத்த பந்துதான் பிம்பிள்ஸுக்கு ஆகவே ஆகாதது, கொஞ்சம் அழுத்தினாலும் மிதந்துகொண்டு மேலே போய்விடும்.

அண்ணாச்சியின் வழி பொறுமை. மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டே இருப்பார், நான் ஒரு பந்தைத் தூக்கிக் கொடுக்கும் வரைக்கும். "ஏ தம்பி, அவசரப்படாத, அதுவா வரும்" என்பார், வரவும் செய்யும். ஆனால் நடுவர் வைத்து ஆடும் போட்டியில் இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஒரு கேம் 10 நிமிடம் தாண்டியும் முடியாமல், இருவர் புள்ளியும் சேர்ந்து 18-ஐத் தொடாமல் இருந்தால் எக்ஸ்பெடைட் விதி வந்துவிடும். அதன் பிறகு ஆளுக்கொரு சர்வீஸ், சர்வீஸை எடுக்கிறவர் 13 முறை சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. எடுக்கும்போது பொறுமை கைகொடுக்கும், நம் சர்வீஸில் அதே பொறுமை புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

ஃபோர்ஹேண்டால் பாய்ந்து அடிப்பது இன்னொரு வழி. இளசுகளுக்குச் சரி. செத்த பந்தை அடிக்க முட்டியும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும், தாழ்வாக வந்ததை அடிக்கப் போனால் பாதி வெளியே போகும். நான் பந்து வலைக்கு மேலே நன்றாக எழும்பினால் மட்டுமே அடிப்பேன்.

என் ஓட்டு பேட்டைத் திருப்புவதற்குத்தான். பந்து அந்தப் பக்கம் போகிற நேரத்தில் கட்டை விரலால் கைப்பிடியை உருட்டி, மறுபக்கத்தில் இருக்கும் ஸ்பாஞ்ச் வைத்த வழவழ ரப்பரைப் பேக்ஹேண்டுக்குக் கொண்டுவந்து, அடியில் நன்றாக வெட்டி ஒரு கனமான புஷ். இப்போது பந்துக்குள் உயிர் வந்துவிட்டது, அதுவும் எனக்குச் சாதகமான திசையில். அவருடைய பிம்பிள்ஸ் அதை லேசான டாப் ஸ்பின்னாக, சற்று உயரமாக அனுப்பும். பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்: திருப்பிய பேட்டோடு மறுபடி ஒரு புஷ் போடுவார்கள், பந்து கிளம்பி அவர் ஃபோர்ஹேண்டுக்கு வசதியாகப் போய் நிற்கும். ஒன்று, அதை வழவழ ரப்பராலேயே தட்டையாக அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் உடனே பிம்பிள்ஸுக்குத் திரும்பி பிளாக் செய்தால், அது பேக் ஸ்பின்னாகவே அவருக்குப் போகும். அந்தச் சுழற்சி தேயும் வரை நான் அனுப்புவது பேக் ஸ்பின், எனக்கு வருவது டாப் ஸ்பின். பந்தைத் தாழ்வாக வைக்கத் திணறுகிறவர் அவர்தான்.

பேட்டின் நிறம் மாறுவது அவருக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சத்தமும் காட்டிக்கொடுக்கும், பிம்பிள்ஸில் பட்டால் மரத்தில் பட்டதுபோல 'டொக்' என்று கேட்கும், ஸ்பாஞ்சில் பட்டால் அமுங்கிய ஓசை. ஆனால் நான் வெட்டினேனா, சும்மா தள்ளினேனா என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அதே அசைவில் இரண்டு கனமான புஷ், அப்புறம் ஸ்பின்னே இல்லாத ஒன்று. அந்த மூன்றாவதைத்தான் அண்ணாச்சி மேசைக்கு வெளியே தள்ளுவார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்ற மனிகா பத்ராவும் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்திருப்பவர்தான், அவர் ஆடும் வீடியோவில் பந்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் பாருங்கள்.

சர்வீஸிலும் இதே கணக்குதான். கனமான பேக் ஸ்பின்னை நீளமாக அவர் பிம்பிள்ஸுக்குப் போட்டால் அடிக்க வாகான பந்து திரும்பி வரும். டாப் ஸ்பின் சர்வீஸ் மட்டும் வேண்டாம், அது பேக் ஸ்பின்னாக நம் தலையிலேயே விடியும்.

இவ்வளவும் சொன்னாலும் ஆனி, ஆடியில் நான் அண்ணாச்சி கட்சி. கணவாய்க் காற்றோடு சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும், பந்து பிசுபிசுக்கும், வழவழ ரப்பர் பந்தைப் பிடிக்காமல் வழுக்கும், கனமாக வெட்டியதாக நான் நினைத்தது வெறும் பந்தாகப் போய் இறங்கும். பிம்பிள்ஸுக்கு ஈரம் அந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லை. போன ஆடியில் 9-9-ல் திருப்பினேன், வழுக்கியது, பந்து எழும்பியது, அண்ணாச்சி ஃபோர்ஹேண்டால் ஒரே அடி. அடுத்த புள்ளிக்கு நான் பேட்டைத் திருப்பவே இல்லை. முப்பது புஷ்ஷாவது போயிருக்கும், கடைசியில் அவர் பந்துதான் வலையில் விழுந்தது.